ஹெபடைடிஸ் வைரஸ் கல்லீரல் செல்லை வெடிக்கச் செய்துதான் வெளியேறுகிறதா?

இல்லை. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ 'பாசிட்டிவ்' என்று முடிவு வந்திருப்பதால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவர் அல்லன். ஹெபடைடிஸ் பி கிருமியைப் பல ஆண்டுகளாக உடலில் வைத்திருப்பவன், அதனாலேயே இதைத் தேடிப் படித்தவன்.

வேலைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி என் ரத்தத்தில் இயல்பான அளவில்தான் இருந்தது. ஆனால் அடுத்த வரியில் ஹெச்பிஎஸ்ஏஜி (பி வைரஸின் மேலுறைப் புரதம்) 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ், என்று சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்ததைப் பார்த்த அதிகாரி, "லிவர் செல் எல்லாம் வெடிச்சுக்கிட்டு இருக்கும் தம்பி, ஷிப்ட் வேலை உங்களுக்கு ஒத்துவராது" என்று கோப்பை மூடிவிட்டார். செல்கள் அப்படி வெடித்திருந்தால் அவற்றுக்குள் இருக்கும் எஸ்ஜிபிடி ரத்தத்தில் கொட்டி, அந்த எண் எகிறியிருக்கும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

நடப்பது வேறு. செல்லுக்குள் கழிவுப் புரதங்களைப் பிரித்து அனுப்பும் நுண்பைகள் உண்டு. பி வைரஸ் அவற்றின் சவ்வுக்குள் மொட்டுவிட்டு, தன் மேலுறையைப் போர்த்திக்கொண்டு, செல்லின் சொந்த வழியாகவே வெளியேறுகிறது. செல் உயிரோடு இருந்து மேலும் வைரஸ்களைத் தயாரிக்கிறது. சி வைரஸோ கல்லீரல் கொழுப்பை ரத்தத்துக்கு அனுப்பும் பாதையில், கொழுப்புத் துகளோடு ஒட்டிக்கொண்டு போகிறது. உறையே இல்லாததாகக் கருதப்பட்ட ஏ வைரஸும் செல்லின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளிவருவதை 2013-இல் வைரஸ் ஆய்வாளர் ஸ்டான்லி லெமனின் குழு காட்டியது. பித்தநீர் அந்தப் போர்வையைக் கரைத்துவிடுவதால்தான் மலத்தில் அது வெற்றுடம்பாகக் காணப்படுகிறது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்று உடனே சண்டைக்கு வருவோருக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. தொற்றிய செல்களை நம் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குவதுதான் சேதத்துக்கு முக்கியக் காரணம். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது), புற்றுநோய் வரை போகலாம். ஆகவே எஸ்ஜிபிடி, வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு), ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்தே தீரவேண்டும்.

இன்னொன்று. 42 நானோமீட்டர் அளவுள்ள முழு பி வைரஸைத் தவிர, மரபணுவே இல்லாத 22 நானோமீட்டர் வெற்றுத் துகள்களும், செல் தன் புரதங்களைச் சுரக்கும் பாதை வழியாக, முழு வைரஸைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெளியேறக்கூடும். ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையில் அகப்படுவது பெரும்பாலும் இவைதான். டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நிறுத்தினாலும் இவற்றின் வரத்தை நிறுத்துவதில்லை. எனவே வைரல் லோட் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகும் ஹெச்பிஎஸ்ஏஜி 'ரியாக்டிவ்' என்றே வந்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.