காய்ச்சலில் வந்த வலிப்பு காக்காய் வலிப்பாக மாறுமா?

என் மகளுக்கு ஒன்றரை வயது. போன மாதம் காய்ச்சலில் இரண்டு நிமிடம் வலிப்பு வந்தது. "பெரியவளானால் காக்காய் வலிப்பாக மாறிவிடும், வெளியே சொல்லாதே" என்கிறார் மாமியார். உண்மையா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பெரும்பாலும் மாறாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. ஜப்பானில் இன்னும் அதிகம். மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் காய்ச்சலைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த 1706 குழந்தைகளை ஏழு வயது வரை கவனித்து, 1976இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ச்சல் வலிப்பே வராத மற்றக் குழந்தைகளில் 1000க்கு 5 பேருக்குக் காக்காய் வலிப்பு வந்தது. முன்பு நல்ல வளர்ச்சியோடு இருந்து, சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் 1000க்கு 11 பேர். வளர்ச்சியில் முன்பே ஏதோ குறை இருந்து, முதல் வலிப்பும் சிக்கலானதாக இருந்தவர்களில் 1000க்கு 92 பேர். ஆக, வலிப்பு வந்ததா என்பதைவிட எப்படி வந்தது என்பதுதான் முக்கியம்.

சிக்கலானது என்றால், 15 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒரு கை அல்லது ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலே சிக்கலானதுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ காக்காய் வலிப்பு இருந்தாலும் ஆபத்து கொஞ்சம் கூடும்.

ஒன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ச்சல் வலிப்பு திரும்ப வருவது வேறு, காக்காய் வலிப்பு வருவது வேறு. முதலாவது சகஜம், மூன்றில் ஒரு பிள்ளைக்கு வரும். முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அடுத்த காய்ச்சலிலும் இழுத்தால் "பார், மாமியார் சொன்னது பலித்துவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த "வெளியே சொல்லாதே". குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சொல்லியே ஆகவேண்டும். நாளைக்கு அங்கே வலிப்பு வந்தால், என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டாமா?

மகன் பல்லைக் கடித்துக்கொண்டதால் வாயில் கரண்டி வைத்தோம். என் அம்மா சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார், உடனே நின்றது. செய்தது சரியா? (ஜூரோங் வாசகர்)

பெரும்பாலான காய்ச்சல் வலிப்பு சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். பெயரைச் சாவி வாங்கிக்கொண்டது. சாவியால் பெரிய கெடுதல் இல்லை. கரண்டிதான் ஆபத்து: பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் சிக்கலாம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலமாகி மூச்சுத் திணறினாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். முடிந்தால் இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். "எந்தப் பக்கம் இழுத்தது?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பெற்றோர் முழிப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

முதல் வலிப்பு என்றால் நின்ற பிறகும் மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து விறைத்தாலோ, குழந்தை தெளியாமல் மயக்கமாகவே இருந்தாலோ, வயது ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தாலோ மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

காய்ச்சல் தொடங்கியதுமே பாரசிட்டமால் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாமா? (பொங்கோல் வாசகி)

முடியாது. குழந்தைக்கு உடம்பு லேசாகும், அதற்காகக் கொடுங்கள். அளவு எடைக்கேற்ப. ஐஸ் தண்ணீரில் துடைக்கவேண்டாம்.

ஒரு வயதில் தட்டம்மைத் தடுப்பூசி போடவேண்டும். ஏற்கெனவே வலிப்பு வந்த பிள்ளைக்குப் போடலாமா? (செங்காங் வாசகர்)

போடலாம், போடவும் வேண்டும். சிங்கப்பூரில் தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். ஊசி போட்டு ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் வரக்கூடும், அதில் அபூர்வமாக வலிப்பும் வரலாம். ஆனால் தட்டம்மையே வந்தால் கடும் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம், மூளையும் பாதிக்கப்படலாம். பலதுறை மருந்தகத்தில் முந்தைய வலிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்துப் பார்த்தால் நிம்மதியாக இருக்குமே? (தெம்பனிஸ் வாசகி)

சாதாரண காய்ச்சல் வலிப்பு ஒருமுறை வந்ததற்குத் தேவையில்லை. பின்னாளில் யாருக்குக் காக்காய் வலிப்பு வரும் என்று அது சொல்லாது. அதில் எதேச்சையாக ஏதாவது தெரிந்தால் உங்கள் தூக்கம்தான் போகும். காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வந்தால் கதை வேறு. அன்றைக்கு நரம்பியல் மருத்துவரே எடுக்கச் சொல்வார்.