“மைன்கிராஃப்ட் காப்பி” என்கிறார்கள்: என் கேமுக்கு நோட்டீஸ் வருமா?

கேள்வி: சொந்த ஊர் தருமபுரி. இப்போது பெங்களூர் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறேன். பகலில் ஐ.டி. வேலை, ராத்திரியில் ஒரு கேம் செய்கிறேன். காவிரிக் கரையில் சதுரக் கட்டைகளை (பிளாக்) அடுக்கி ஏரி, மதகு, வாய்க்கால், கோயில் குளம் என்று ஊரே கட்டலாம். பெயர் ‘காவேரிகிராஃப்ட்’. கோரமங்களாவில் கேம் செய்பவர்கள் கூடிய இடத்தில் காட்டினேன். “இது மைன்கிராஃப்ட் காப்பி, மைக்ரோசாஃப்ட் நோட்டீஸ் விடும்” என்று பயமுறுத்தினார்கள். தண்ணீரை ஓட வைக்கும் நிரலை (கோட்) மட்டும் லுவான்டி என்ற கட்டை கேம் எஞ்ஜினிலிருந்து எடுத்தேன். கட்டைகளின் மேல் ஒட்டும் படங்களை (டெக்ஸ்சர்) கோவை நண்பர் வரைந்தார். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வெளியிடலாமா? ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: வெளியிடலாம். ஆனால் இப்போது இருக்கிறபடியே வேண்டாம்.

கட்டையை உடைப்பதும் வைப்பதும் யாருடைய சொத்தும் இல்லை. மைன்கிராஃப்ட்டே இன்னொரு கேமைப் பார்த்துப் பிறந்ததுதான். 2009-ல் ஜாக் பார்த் என்ற அமெரிக்கர் இன்ஃபினிமைனர் என்ற கட்டை கேமை வெளியிட்டார். அதன் கோட் வெளியே கசிந்து ஆளாளுக்கு மாற்றி ஆட ஆரம்பித்ததும், அவரே கோட் முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதே வருஷம் மே மாதம் ஸ்வீடனின் மார்கஸ் பெர்சன் மைன்கிராஃப்ட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். இன்ஃபினிமைனர்தான் தூண்டுதல் என்பதை அவர் மறைக்கவில்லை. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அவருடைய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. நீங்கள் கோட் எடுத்த லுவான்டியும் 2010-ல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது. இன்றுவரை பகிரங்கமாகத்தான் ஓடுகிறது.

நம் சட்டமும் இதில் தெளிவு. கருத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளையாடும் முறைக்குப் பேட்டன்ட் கிடையாது என்று பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு சொல்கிறது.

உங்கள் நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ஸ்க்ராபுலஸ் வழக்கு. கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள், எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தை ‘ஸ்க்ராபுலஸ்’ என்ற பெயரில் ஆன்லைனில் அப்படியே கொண்டுவந்தார்கள். ஸ்க்ராபிளுக்கு உரிமை கொண்டாடிய மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008-ல் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. ஆட்டப் பலகைக்குக் காப்புரிமை கேட்டது எடுபடவில்லை. ஸ்க்ராபிளை நினைவூட்டும் பெயருக்குத் தடை விழுந்தது. சகோதரர்கள் லெக்சுலஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் அமெரிக்க நிறுவனம். கேமை நீக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது அந்த ஊர்ச் சட்டப்படிதான் வரும். அங்கே 2012-ல், விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் கேம் வழக்கில் தீர்ப்பு வந்தது. ‘விதிகளை மட்டும்தான் எடுத்தோம்’ என்று சட்டம் படித்துவிட்டே இறங்கிய ஒரு நிறுவனம் அதில் தோற்றது. விதிகள் பொதுச்சொத்துதான். ஆனால் பத்துக்கு இருபது கட்டம், துண்டுகளின் வடிவம், அவை எங்கே விழும் என்று காட்டும் நிழல் உட்பட மொத்தத் தோற்றமும் டெட்ரிஸாகவே இருக்கிறது என்றது நியூ ஜெர்சி நீதிமன்றம்.

அந்தக் கண்ணோடு உங்கள் ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். புல் கட்டையில் பச்சை மேலிருந்து பக்கவாட்டில் பல்பல்லாக வழிகிறது. அடியில் ஒன்பது கட்டப் பட்டை, அதன் தலையில் இடப்பக்கம் இதயங்கள், வலப்பக்கம் பசிக்கான சின்னங்கள். தனித்தனியாக எதற்கும் யாரும் உரிமை கேட்க முடியாது. இதயம் மைன்கிராஃப்ட்டுக்கு முன்பே ஆயிரம் கேமில் இருந்தது. எல்லாம் ஒரே படத்தில், அதே இடத்தில், அதே வரிசையில் இருப்பதுதான் வம்பு. பசியை எடுத்துவிட்டு ஏரியின் நீர்மட்டத்தைக் காட்டினால் என்ன? நாலாவது படத்தில் நிற்கும் பச்சைப் பூதத்தை இன்றே அழித்துவிடுங்கள். கையில்லாமல் நாலு குட்டைக் காலில் நிற்கும் அந்த உருவம், பன்றி வரையப்போய் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் பெர்சனுக்குக் கிடைத்த ‘க்ரீப்பர்’ என்ற மைன்கிராஃப்ட் பூதம். அது அவர்களுடைய சொத்து; அதில் வாதாட இடமே இல்லை.

அடுத்தது தண்ணீரை ஓட வைக்கும் கோட். லுவான்டியின் கோட், எல்.ஜி.பி.எல். என்ற நிபந்தனையோடு கூடிய இலவச உரிமத்தில் வருகிறது. படித்துக் கற்றுக்கொள்ளலாம். எடுத்து உங்கள் கோடுக்குள் ஒட்டினால் உரிம அறிவிப்பை வைக்க வேண்டும், அந்தப் பகுதியின் மூல நிரலையும் (சோர்ஸ்) கொடுக்க வேண்டும். நீங்கள் தனியாகப் பிரிக்காமல் கலந்திருப்பதால் சிக்கல் உங்கள் கோடுக்கும் பரவும். இலவசமாகக் கிடைப்பதற்கும் நிபந்தனை உண்டு என்பதை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்பேன்.

அதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. மைன்கிராஃப்ட்டில் இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி ஊற்றினால் போதும், மொண்டாலும் தீராது. சமதரையில் ஊற்றிய தண்ணீர் ஏழு கட்டை தூரம் ஓடி நின்றுவிடும். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு மதகு எதற்கு? தீராத தண்ணீர் இருந்திருந்தால் காவிரிக்காக யாரும் கோர்ட் படி ஏறியிருக்க மாட்டார்கள். மேல் ஏரியில் திறந்த அளவு அங்கே குறைந்து, கீழ் வாய்க்காலில் அவ்வளவுதான் வர வேண்டும். அப்போது எப்போது திறப்பது, யாருக்கு முதலில் என்பதே ஆட்டமாகிவிடும். ஒவ்வொரு கட்டையிலும் எவ்வளவு நீர் என்று கணக்கு வைப்பது ப்ராசஸருக்குப் பாரம்தான்; நகராத நீரைக் கணக்கிலிருந்து ஒதுக்கினால் சமாளிக்கலாம். காப்பி என்று சொன்னவர்களுக்கு நான் தயார் செய்யக்கூடிய எந்தப் பதிலையும்விட இந்தத் தண்ணீர் வலுவானது.

பெயருக்கு வருவோம். ‘கிராஃப்ட்’ என்ற ஒட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வார்கிராஃப்ட் 1994-லேயே வந்துவிட்டது. ஆனால் கட்டை கேம், கிராஃப்ட் பெயர், விரிசல் விட்ட கல் போன்ற எழுத்தில் லோகோ, மூன்றும் சேர்ந்தால் ஸ்க்ராபுலஸ் கதைதான். மாற்றுங்கள். மைன்கிராஃப்ட் செய்த மொஜாங்கே தன் அடுத்த கேமுக்கு ‘ஸ்க்ரோல்ஸ்’ என்று பெயர் வைத்து, ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ கேம்களை வெளியிடும் பெதஸ்டாவிடம் மாட்டி, 2012-ல் சமரசத்துக்குப் போனது. புதுப் பெயரை டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு, 9-ம் வகுப்பிலும் (மென்பொருள்) 41-ம் வகுப்பிலும் (பொழுதுபோக்கு) விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய். கர்நாடகத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

கோவை நண்பரிடம் எழுத்தில் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால், பணம் கொடுத்திருந்தாலும் படங்களின் உரிமை இன்னும் அவருடையதுதான் என்று வாதம் வரலாம். காப்புரிமைச் சட்டம் 19-ம் பிரிவுப்படி கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஸ்டீமுக்கு இது போதாது. ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுவது சுலபம். டெக்ஸ்சர்களை வெறும் தாளில் தொடங்கினாரா, இணையத்தில் எடுத்த டெக்ஸ்சர் தொகுப்பைத் திருத்தினாரா என்றும் கேளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டைவிட எனக்கு உங்கள் ஆபீஸ்தான் பயம். வேலையின் போக்கில் எழுதிய கோட் முதலாளிக்குச் சொந்தம் என்கிறது 17(சி) பிரிவு. ராத்திரியில் சொந்தமாக எழுதியது அதில் வராது என்று வாதாடலாம். ஆனால் பெங்களூர்க் கம்பெனிகளின் ஆஃபர் லெட்டர்களில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துடையது’ என்று சர்வசாதாரணமாக ஒரு வரி இருக்கும். உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றால், இது என் சொந்த நேரத்தில் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யும் கேம், உங்கள் தொழிலோடு சம்பந்தமில்லை, அனுமதி வேண்டும் என்று எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். வாய்ச் சம்மதம் வேண்டாம், மேனேஜர் மாறினால் அது காற்றோடு போய்விடும். பதில் மெயில் வந்த பிறகு ஸ்டீமுக்கு வெளியீட்டுக் கட்டணமான 100 டாலரைக் கட்டினால் போதும்.