பாய்மரத்தை நிமிர்த்திக் காட்டச் சொன்னீர்களா?

கேள்வி: பழைய சிறு பாய்மரப் படகு வாங்கினேன். 'தண்ணீரில் இறக்கினால் போதும்' என்று விற்றவர் விளம்பரம் போட்டிருந்தார். பாய்மரத்தைப் படுக்கவைத்தே ஒப்படைத்தார். தூக்கி நிறுத்தினால், அதைப் படகின் முனையோடு இழுத்துக் கட்டும் முன்பக்கக் கம்பி ஒரு சாண் எட்டவில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை.

பதில்: படிக்கும்போதே எனக்கும் கொதிக்கிறது. ஆனாலும் சண்டைக்குப் போகும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகுகளான டர்ன்பக்கிள்களை முழுக்கத் தளர்த்தினீர்களா? பாய்மரத்தின் அடி அதற்குரிய இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பக்கக் கம்பிகள் இடம் மாறி, பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கின்றனவா? எல்லாம் சரி என்றால், அநேகமாக அது உங்கள் படகின் கம்பியே அல்ல. இடைவெளியில் இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்து, விளம்பரத்தையும் சேர்த்து, எழுத்தில் பணம் கேளுங்கள். இடைவெளியை நிரப்ப ஷேக்கிள்களை (இணைப்பு வளையங்களை) கோத்து ஒட்டுப்போட்டுவிடாதீர்கள். அப்புறம் 'நீங்கள்தான் மாற்றினீர்கள்' என்று கை கழுவிவிடுவார்.

கேள்வி: நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. பாய் ஏற்ற வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இழுபடும். நைலான் நங்கூரத்துக்கு, பாய்க்குப் பாலியெஸ்டர்.

கேள்வி: வாங்கப்போகும் படகின் கம்பி முனைகளில் வெள்ளை டேப் அழகாகச் சுற்றியிருக்கிறது. நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இணைப்பு ஆணி கழலாமல் பிடிக்கும் சிறு ஊசியான ஸ்ப்ளிட் பின், பாயைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் டேப் சுற்றுவார்கள், அது சரி. கம்பி உலோகக் குழலுக்குள் நுழையும் கழுத்தை ஏன் மூட வேண்டும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் காற்றுப் பட வேண்டும். காற்றில்லாமல் உப்பு ஈரம் தங்கினால் உள்ளுக்குள் அரிக்கும். என் முதல் படகில் இதே வெள்ளை டேப்பைப் பார்த்து மயங்கித்தான் பணம் கொடுத்தேன். பிரித்தபோது பழுப்பு நீர் வழிந்தது. 19 இழைகளில் 2 அறுந்து ஊசிபோல் நின்றன. குழலில் மயிரிழை விரிசல். விற்றவர் தெரிந்தேதான் மூடினார் என்று இன்றும் நம்புகிறேன். அதனால் டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சால் கம்பியைத் துடையுங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும். கழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிறகு பாய்மரத்தை உங்கள் கண்முன் நிமிர்த்தச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: ஸ்ப்ளிட் பின் தொலைந்துவிட்டதால், கம்பியைப் படகோடு இணைக்கும் ஆணியான கிளெவிஸ் பின்னை மட்டும் மாட்டி ஓட்டினேன். பாய்மரம் சாய்ந்து வளைந்துவிட்டது. கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: எதற்கு? கிளெவிஸ் பின் கழன்று வராமல் பிடிப்பதே அந்தச் சின்ன ஸ்ப்ளிட் பின்தான். தப்பு உங்களுடையது. பக்கத்தில் யாரும் இல்லாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: படகு நிற்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறது. பார்த்துப் பதமாகத் தூக்கினால் போதாதா?

பதில்: போதாது. அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும்; தொடாமல் நெருங்கினாலே பாயலாம். முதலில் படகை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.