பரணில் கிடந்த டெலஸ்கோப்பை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக டெலஸ்கோப் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வெளிநாடு போய்விட்ட தன் மகனுடைய டெலஸ்கோப்பை 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஆறு வருடமாகப் பரணில் கிடந்ததாம். குழாயில் 114 மி.மீ., 900 மி.மீ. என்றும், அட்டைப்பெட்டியில் 675 மடங்கு என்றும் போட்டிருக்கிறது. ஸ்டாண்டில் தராசு மாதிரி ஒரு எடைக்கட்டி தொங்குகிறது. பழசை வாங்கி ஏமாறாதே, பைனாகுலர் போதும் என்கிறார் என் கணவர். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வாங்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். பைனாகுலர் ஒன்றும் மட்டமான யோசனை இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் 50 மி.மீ. பைனாகுலரில் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் கண்ணை எடுக்க மாட்டார்கள். ஆனால் சனி வளையம் அதில் பிரிந்து தெரியாது. சற்றே நீண்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். உங்கள் மகள் கேட்பது வளையத்தை. ஆகவே டெலஸ்கோப்தான்.

அடுத்து, அந்த 675-ஐ மறந்துவிடுங்கள். பெட்டிக்குள் 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) ஒன்றும், அதன் பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றும் இருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். குழாயின் அடியில் இருக்கும் ஆடி, அதாவது வளைந்த கண்ணாடி, ஒளியைக் குவிக்கும் தூரம்தான் அந்த 900; அதை 4-ஆல் வகுத்தால் 225. மூன்றால் பெருக்கினால் 675. கணக்கு சரி, காட்சிதான் வராது. ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல் இரண்டு மடங்குதான் உச்ச வரம்பு. இதன் ஆடி 114 மி.மீ., ஆகவே 228, அதுவும் காற்று அசையாத இரவில். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது வெறும் 20 மடங்கில்.

பெட்டிதான் புளுகுகிறதே தவிர, 114-க்கு 900 என்பது நாணயமான அளவு. ஆரம்பிப்பவருக்கு நன்றாகவே போதும். போகும்போது ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். குழாய் கிட்டத்தட்ட மூன்றடி இருக்க வேண்டும். அதில் பாதிதான் இருந்தால், உள்ளே கூடுதலாக ஒரு வில்லையை ஒளித்து நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரகத்தை நேராக்கிச் சரிசெய்வது தேர்ந்தவர்களுக்கே தலைவலி. பேசாமல் வந்துவிடுங்கள். ஐபீஸின் அடிக்குழாய் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒன்றேகால் அங்குலம் என்றால் எங்கும் மாற்று கிடைக்கும். ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் அது பழைய அளவு, தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனி ஆடி. இதில்தான் நான் ஏமாந்தேன். கல்லூரி முடித்த புதிதில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் இதைவிடச் சின்ன டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். ஆடி பளபளவென்று இருந்ததைப் பார்த்து மயங்கி, பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நிலாவைப் பார்த்தால் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல இருந்தது. விற்கும் முன்பு அந்த மனிதர் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். வீட்டுக் கண்ணாடிக்கு ரசப்பூச்சு பின்பக்கம் இருக்கும், துடைக்கலாம். டெலஸ்கோப் ஆடிக்கு அலுமினியப் பூச்சு முன்பக்கம். துடைத்தால் பூச்சிலேயே கீறல் விழும். ஆகவே தூசி படிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், யாரும் கை வைக்கவில்லை. குழாயின் திறந்த வாய் வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ரசம் போன கண்ணாடி மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறதா? சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் ஓடுகின்றனவா? அது பூஞ்சை. ஆறு மழைக்காலம் பரணில் கிடந்த பொருளுக்கு அது வந்திருக்க வாய்ப்பு நிறைய. ஐபீஸ்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஐபீஸில் பூஞ்சை என்றால் வேறு ஐபீஸ் வாங்கிக்கொள்ளலாம். ஆடியில் திட்டோ பூஞ்சையோ பரவலாக இருந்தால் வேண்டாம்.

ஆடி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பெரிய சந்தேகமே அந்த எடைக்கட்டி தொங்கும் ஸ்டாண்டில்தான். அதற்கு ஈக்வடோரியல் மவுண்ட் என்று பெயர். அதில் சாய்வாக இருக்கும் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்தால், ஒரே ஒரு குமிழைத் திருகி நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். அருமையான ஏற்பாடு, ஐரோப்பாவில். அங்கே துருவ நட்சத்திரம் வானில் பாதி உயரத்தில் நிற்கும். திண்டுக்கல்லில் 10 பாகைதான். கையை நீட்டி விரல்களை மடக்கினால் முட்டி எவ்வளவு மறைக்குமோ, அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அச்சை அந்த அளவுக்குத் தாழ்த்தினால் எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கும். சில மவுண்ட்கள் அவ்வளவு தாழவே தாழாது. பெரியவரின் மகன் இதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் பரணில் ஏற்றியிருப்பார் என்பது என் ஊகம்.

இதற்கு வழி உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத் துறவியாக 23 ஆண்டுகள் இருந்தவர் ஜான் டாப்சன். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழாயில் பொருத்தி, மரப்பெட்டியில் நிறுத்தித் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். திருகு, பல்சக்கரம் எதுவும் கிடையாது. பீரங்கி மாதிரி மேலும் கீழும் சாயும், பெட்டியோடு சுற்றும், அவ்வளவுதான். உங்கள் ஊர் ஆசாரி ஒருவர் ப்ளைவுட்டில் அதை ஒரே நாளில் செய்துவிடுவார். சாயும் இடத்துக்கு பி.வி.சி. குழாய் மூடி இரண்டு, சுற்றும் இடத்துக்குச் சன்மைக்கா ஒரு துண்டு. கூலியும் பலகையும் என்ன ஆகும் என்று முதலிலேயே விசாரித்து, அதை 9,000-இல் கழித்துப் பேசுங்கள். அப்புறம், இதே அளவில் புதியது இன்று என்ன விலை என்றும் பாருங்கள். நானாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தரமாட்டேன்.

பணம் கொடுக்கும் முன் ஓர் இரவு இரவல் கேளுங்கள். தெருக்காரர்தானே, மறுக்க மாட்டார். பகலில் மலைக்கோட்டைப் பாறையைப் பாருங்கள், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். படம் தலைகீழாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், இதன் சுபாவம் அது. இரவு ஒன்பதுக்கு மேல் மொட்டை மாடிக்குப் போங்கள். அதற்கு முன்னால் தளத்துச் சூட்டில் கோள்கள் கொதிக்கிற நீருக்குள் இருப்பதுபோல நெளியும். சாயந்திரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டால் இன்னும் நல்லது. பெரிய எண் போட்ட ஐபீஸில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, குவியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கலையுங்கள். வட்டமான ஒளித்தட்டும் நடுவில் ஒரு கருப்புப் பொட்டும் தெரியும். பொட்டு நடுவில் இருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். அது அரைமணி நேர வேலை, அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளூரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கையில் தொட்டுப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள்.

பங்குனி முதல் ஆடி மாதம் வரை என்றால் இன்னொரு சோதனை உண்டு. கல்யாணத்தில் காட்டினார்களே, அருந்ததி? வெறும் கண்ணுக்கு வசிஷ்டரும் பக்கத்தில் மங்கலாக அருந்ததியும் தெரிவார்கள். 20 மி.மீ. ஐபீஸில், அதாவது 45 மடங்கில், வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். ஒன்று பிரகாசம், ஒட்டினாற்போல ஒன்று சற்று மங்கல். இரண்டும் தனித்தனிப் புள்ளிகளாக நின்றால் ஆடி நல்ல ஆடி. உங்கள் கணவரையும் அப்போது மாடிக்கு அழையுங்கள்.

சனியைப் பற்றி மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். 2025 மார்ச்சில் வளையங்கள் விளிம்பு மட்டும் நம்மை நோக்கி இருக்கும்படி திரும்பின. ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி ஆகும். அதிலிருந்து மெல்ல விரிந்து, 2032 வாக்கில்தான் முழு அகலத்துக்கு வரும். வளையம் ஒல்லியாகத் தெரிந்தால் அது டெலஸ்கோப்பின் குற்றம் இல்லை. மிச்சப்படும் பணத்தில் ப்ளாசல் என்ற ரகத்தில் 10 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 90 மடங்கு கிடைக்கும். அந்த 4 மி.மீ.-ஐயும் பார்லோவையும் மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம். நெபுலாக்கள், அதாவது விண்மேகங்கள், பெட்டிப் படத்தில் உள்ள வண்ணத்தில் தெரியாது, சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று, சூரியனைப் பார்க்க என்று, சில நேரம் கிடக்கும். ஆடி குவிக்கும் சூட்டில் அது விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போய்விடும். வாங்கிய அன்றே சுத்தியலால் தட்டி உடைத்துக் குப்பையில் போடுங்கள், மகள் கையில் கிடைக்க வேண்டாம்.

கிளம்பும்போது பரணில் இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். குழாயைப் பிடிக்கும் இரண்டு வளையங்களும், குறி பார்க்கும் குட்டி ஃபைண்டரும், குழாய் வாய்க்கான மூடியும் பெரும்பாலும் வேறு ஏதாவது பையில்தான் இருக்கும்.