கேள்வி – பதில்: ‘ஹேவ்’ எங்கே வரும், எங்கே வராது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்து வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸைப் பற்றியே இருந்தன. அவற்றையும், அதற்குப் பக்கத்து வீடான ‘ஹேட்’ பற்றிய கேள்வியையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்பதை ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ‘பெய்திருக்கிறது’ என்றால் ‘ஹேஸ் ரெயின்ட்’ தானே?

ஆசிரியர் அடித்தது சரி. ஆனால் உங்கள் குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. தமிழில் ‘இருக்கிறது’ சேர்ந்த வினை மூன்று வேலை செய்கிறது. ‘நான் யானை மேல் ஏறியிருக்கிறேன்’ என்றால் அனுபவம். ‘கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்’ என்றால் நடந்ததன் விளைவு இப்போதும் தெரிகிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்றால் பார்க்கவில்லை, ஈரத் தரையைப் பார்த்து ஊகிக்கிறோம். ஆங்கில ‘ஹேவ்’ முதல் இரண்டு வேலைகளை மட்டும்தான் செய்யும். ஊகத்துக்கு ‘மஸ்ட்’ வேண்டும்: ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.’ மழையை நேரில் பார்த்திருந்தால் வெறும் ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்.’

அடுத்தது ‘லாஸ்ட் நைட்’ என்ற சொல். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்பது பெயரிலேயே பிரசன்ட். நடந்தது முன்பு என்றாலும் பேச்சு இப்போதைப் பற்றியது. அதனால் முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொற்கள் அதோடு ஒட்டாது: ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2015’, ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’. இவற்றில் எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட்தான், அதாவது ‘ரெயின்ட்’ போன்ற வெறும் கடந்தகாலம். ‘மஸ்ட் ஹேவ்’ போன்ற அமைப்புக்கு இந்தத் தடை இல்லை. மேலே ‘லாஸ்ட் நைட்’ சரியாக உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இதே காரணத்தால் ‘வென் ஹேவ் யூ கம்?’ என்ற கேள்வியும் தப்பு. ‘எப்போது’ என்று கேட்டாலே பதில் ஒரு முடிந்த நேரம். ‘வென் டிட் யூ கம்?’ என்றுதான் கேட்க வேண்டும். இந்தப் பிழை நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் அடிக்கடி காதில் விழுகிறது.

இன்னும் முடியாத நேரம் என்றால் ‘ஹேவ்’ வரலாம்: ‘டுடே’, ‘திஸ் வீக்’, ‘ஸோ ஃபார்’. ‘திஸ் மார்னிங்’ மட்டும் நீங்கள் பேசும் நேரத்தைப் பொறுத்தது. காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்’ சரி. மாலை நாலு மணிக்கு அதையே சொன்னால் ‘ஐ ரோட்’. இன்னொரு நுணுக்கம்: ‘லாஸ்ட் வீக்’ முடிந்த வாரம், ‘இன் தி லாஸ்ட் வீக்’ என்றால் இந்த நிமிஷம் வரையிலான ஏழு நாள், அதனால் அங்கே ‘ஹேவ்’ பொருந்தும்.

நேரமே சொல்லாவிட்டால்? விளைவைப் பாருங்கள். ‘ஐ ஹேவ் ப்ரோக்கன் மை க்ளாஸஸ்’ என்றால் இப்போது கண்ணாடி இல்லை, எழுத்து தெரியவில்லை என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் உடனே ‘ஹௌ டிட் இட் ஹேப்பன்?’ என்று சிம்பிள் பாஸ்டுக்குத் தாவுவார். நீங்களும் ‘ஐ ஸேட் ஆன் தெம்’ என்பீர்கள். சேதியை முதலில் சொல்வதற்கு ‘ஹேவ்’, விவரம் சொல்ல சிம்பிள் பாஸ்ட். ஆங்கிலச் செய்தி ஒன்றை எடுத்து முதல் வாக்கியத்தையும் மூன்றாவது வாக்கியத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தாவல் பல நேரம் கண்ணில் படும்.

கேள்வி: ரைட்–ரோட்–ரிட்டன் என்பதில் ‘ரிட்டன்’ போன்ற மூன்றாவது வடிவம்தான் எனக்குத் தகராறு. நீளமான பட்டியலை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

அகரவரிசைப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். அது அகராதிக்கு வசதி, நினைவுக்கு அல்ல. ஓசையை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தால் பாதி பாரம் குறையும்.

மூன்றும் மாறாதவை: புட், கட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே ஆனவை: பை–பாட்–பாட், டீச்–டாட்–டாட், கீப்–கெப்ட்–கெப்ட், மேக்–மேட்–மேட். இந்த இரண்டு கூட்டத்திலும் தப்பு செய்ய வழியே இல்லை, சிம்பிள் பாஸ்ட் தெரிந்தால் போதும். தப்பு நடப்பதெல்லாம் மூன்றும் வேறுபடும் கூட்டத்தில்தான்: ஸிங்–ஸேங்–ஸங், ட்ரிங்க்–ட்ரேங்க்–ட்ரங்க், பிகின்–பிகேன்–பிகன் என்று உயிரெழுத்து மாறுகிறவை, ரைட்–ரோட்–ரிட்டன், ஸ்பீக்–ஸ்போக்–ஸ்போக்கன், டேக்–டுக்–டேக்கன் என்று ‘ன்’ ஒலியில் முடிகிறவை. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றான சின்னக் கூட்டம் ஒன்று உண்டு: கம்–கேம்–கம், ரன்–ரேன்–ரன். ‘ஐ ஹேவ் கேம்’ என்ற பிழை வருவது இங்கேதான். ‘கோ’வின் இரண்டாவது வடிவம் எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாது: கோ–வென்ட்–கான்.

தனி வடிவமாகப் படிக்காதீர்கள். ‘ரிட்டன்’ என்று எழுதிப் பழகுவதைவிட ‘ஹேவ் ரிட்டன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். ‘ஹேவ்’ என்றதும் நாக்கு தானாக அடுத்ததற்குப் போய்விடும்.

சாதாரண வினைகளில் எழுத்து ஒன்றுதான், ஆனால் கடைசி ஒலி மூன்று விதம். ‘வொர்க்’, ‘வாஷ்’, ‘ஸ்டாப்’ போன்றவற்றுக்குப் பின் வல்லின ‘ட்’: வொர்க்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். ‘ப்ளே’, ‘ஓப்பன்’ போன்றவற்றுக்குப் பின் மென்மையான ‘ட்’. அடிச்சொல்லே ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை: வான்டெட், நீடெட். ‘வொர்க்கெட்’, ‘வாஷ்ஷெட்’ என்று எல்லாவற்றுக்கும் ‘எட்’ சேர்ப்பதை நிறுத்தினாலே உச்சரிப்பு பாதி திருந்தும்.

அமைப்பு எளிது: ஐ, யூ, வீ, தே என்றால் ‘ஹேவ்’, ஹி, ஷி, இட் மற்றும் ஒருமைப் பெயர் என்றால் ‘ஹேஸ்’, பிறகு மூன்றாவது வடிவம். இல்லை என்றால் நடுவில் ‘நாட்’. கேள்வி என்றால் ‘ஹேவ்’ முன்னால் வரும்: ‘ஹேவ் யூ ஸீன் இட்?’ இங்கே ‘டிட்’டைக் கொண்டுவராதீர்கள். ‘டிட் யூ ஸீன்?’ என்பது இரண்டு டென்ஸை ஒரே வாக்கியத்தில் திணித்த கலவை. ‘டிட்’ வந்தால் முதல் வடிவம், ‘டிட் யூ ஸீ?’ அவ்வளவுதான்.

கேள்வி: ‘ஐ ஹேட் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே’ என்று அலுவலகத்தில் எல்லோரும் எழுதுகிறோம். இது தவறு என்கிறார் மேலாளர். சரியா?

சரிதான். இதுவும் தமிழ் நம்மை இழுத்துப் போகும் இடம். ‘நேற்று மெயில் அனுப்பியிருந்தேன்’ என்பது தமிழில் மிக இயல்பான, கொஞ்சம் பணிவான வாக்கியம். அதன் நிழல்தான் ‘ஹேட் சென்ட்’. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ தனியாக நிற்காது. அதைக் கேட்டவர் ‘எதற்கு முன்னால்?’ என்று காத்திருப்பார். பேச்சில் வேறு ஒரு கடந்தகாலச் சம்பவம் இருந்து, அதற்கும் முந்தையதைச் சொல்லும்போதுதான் ‘ஹேட்’.

‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது, ஏறவில்லை. ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேரவும் ரயில் கிளம்பவும் சரியாக இருந்தது. ஒரு சொல்லில் கதையே மாறுகிறது. வாக்கியத்தில் ‘அதற்குள்’ என்று சேர்த்துப் பாருங்கள்; பொருந்தினால் ‘ஹேட்’ வைக்கலாம். ‘அதற்குள் நேற்று மெயில் அனுப்பினேன்’ பொருந்தவில்லை, ஆகவே ‘ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே.’ நாள் முக்கியமில்லை, அனுப்பியாகிவிட்டது என்பதுதான் முக்கியம் என்றால் ‘ஐ ஹேவ் சென்ட் தி மெயில்.’ பணிவு வேண்டுமென்றால் ‘ப்ளீஸ்’ இருக்கிறது, ‘குட் யூ’ இருக்கிறது. டென்ஸிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

‘ஐ ஹேட் லஞ்ச்’ என்பது இந்தக் கணக்கில் வராது. அது ‘ஹேவ்’ என்ற வினையின் சாதாரணக் கடந்தகாலம். ‘ஐ ஹேவ் ஹேட் லஞ்ச்’ என்பதும் சரிதான், பார்க்க விசித்திரமாக இருந்தாலும்.

கேள்வி: ‘ஸின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். சுலபமாக நினைவில் வைக்க வழி?

தமிழ் இங்கே உதவும். தமிழில் ‘இலிருந்து’ என்று முடிந்தால் ‘ஸின்ஸ்’: திங்கட்கிழமையிலிருந்து, ‘ஸின்ஸ் மன்டே’; 2019இலிருந்து, ‘ஸின்ஸ் 2019’. ‘ஆக’ என்று முடிந்தால் ‘ஃபார்’: ஐந்து வருஷமாக, ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’, ரொம்ப நாளாக, ‘ஃபார் எ லாங் டைம்’. தொடங்கிய புள்ளிக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று.

பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் போடுகிறோம். அதனால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று வருகிறது. டென்ஸும் தப்பு, ‘ஸின்ஸ்’ஸும் தப்பு. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. ‘நோ’ (தெரியும்), ‘லைக்’, ‘பிலீவ்’ போன்ற மனநிலை வினைகளுக்கு ‘பீன்–இங்’ சேராது: ‘ஐ ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்.’

அந்த வேலையை விட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ ‘ஃபார்’ இருக்கிறது என்பதற்காக ‘ஹேவ்’ வர வேண்டும் என்றில்லை. நேர்முகத் தேர்வில் இதை மாற்றிச் சொன்னால், இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: ‘ஹேஸ் கான்’, ‘ஹேஸ் பீன்’ என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் ‘போயிருக்கிறார்’ என்றுதான் வருகிறது.

‘ஷி ஹேஸ் கான் டு தி பேங்க்’ என்றால் இன்னும் திரும்பவில்லை, வீட்டில் ஆள் இல்லை. ‘ஷி ஹேஸ் பீன் டு தி பேங்க்’ என்றால் போய்விட்டு வந்துவிட்டார். அதனால்தான் எதிரில் உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் தேர் மெனி டைம்ஸ்’ என்று சொன்னால் உறுத்தும். ‘ஐ ஹேவ் பீன் தேர்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஹீஸ்’ என்று சுருக்கிச் சொன்னால் அது ‘இஸ்’ஸா, ‘ஹேஸ்’ஸா?

அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘இங்’, பெயர்ச்சொல், பண்புச்சொல் வந்தால் ‘இஸ்’. ‘ஹீஸ் ஸீன் இட்’, ‘ஹீஸ் டேக்கன் மை பென்’ என்று மூன்றாவது வடிவமும் அதன் பின் செயப்படுபொருளும் வந்தால் ‘ஹேஸ்’. ‘ஹி ஹேட்’, ‘ஹி வுட்’ இரண்டுக்கும் பொதுவான ‘ஹீட்’ என்ற சுருக்கத்துக்குப் பின் முதல் வடிவம் வந்தால் ‘வுட்’, மூன்றாவது வடிவம் வந்தால் ‘ஹேட்’.

கேள்வி: அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்கிறார்கள். பள்ளியில் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்று படித்தோம். எது சரி?

இரண்டும் அவரவர் நாட்டில் சரி. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும்போது அமெரிக்கப் பேச்சில் சிம்பிள் பாஸ்ட் சகஜம். ‘ஐ ஆல்ரெடி எய்ட்’ என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்.’ பள்ளித் தேர்வில் படித்தபடியே ‘ஹேவ்’ வைத்து எழுதுங்கள். ‘ஜஸ்ட்’டும் ‘ஆல்ரெடி’யும் ‘ஹேவ்’வுக்கும் வினைக்கும் நடுவில், ‘யெட்’ கடைசியில். ‘கெட்’டுக்கு மூன்றாவது வடிவமாக அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் ‘காட்’. ஆனால் ‘என்னிடம் இருக்கிறது’ என்ற பொருளில் அமெரிக்காவிலும் ‘ஐ ஹேவ் காட்’ தான், ‘காட்டன்’ கிடையாது.