டோர் பீடிங் கார் பாகமா, ரப்பர் பொருளா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார் கதவைச் சுத்தி வர்ற ரப்பர் பீடிங் இறக்குமதி பண்றோம். காரைத் தவிர வேற எதுக்கும் ஆகாத சாமான், எந்த மாடலுக்குன்னு பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கு. சுங்க வகைப்பாட்டு எண்ணை (எச்எஸ் கோட்) கார் பாகங்களுக்கான 8708-ன்னு போட்டா, ரப்பர் சாமான்களுக்கான 4016-க்கு மாத்துங்கன்னு கஸ்டம்ஸ்ல சொல்றாங்க. இது என்ன நியாயம்?

பதில்: நியாயமோ இல்லையோ, அவங்க சொல்றதுதான் சரி. நிறைய பேர் 8708-ஓட தலைப்பை மட்டும் படிச்சுட்டு, மோட்டார் வாகன பாகங்களும் துணைப் பொருட்களும்னு தெளிவா இருக்கே, நம்மதும் அதானேன்னு அங்கயே நிறுத்திடறாங்க, ஆனா வகைப்படுத்தறதுக்கான பொது விதிகள்ல முதல் விதியே தலைப்போட சேர்த்து பிரிவுக் குறிப்பு, அத்தியாயக் குறிப்பு எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு சொல்லுது. வாகனங்கள் வர்றது 17-வது பிரிவு. அந்தப் பிரிவோட 2-வது குறிப்பு எதெல்லாம் 'பாகம்' ஆகாதுன்னு ஒரு பட்டியல் போடுது, அதுல முதல் வரியிலயே ஜாயின்ட் (ரெண்டு பாகத்துக்கு நடுவுல அடைக்கற கேஸ்கெட் வகை), வாஷர் மாதிரி சாமான்கள் எந்தப் பொருள்ல செஞ்சிருந்தாலும் வெளிய, வல்கனைஸ் பண்ண (கந்தகம் மாதிரி எதாவது சேர்த்து சூடாக்கி உறுதியாக்கின) ரப்பர்ல செஞ்ச 4016 சாமான்களும் வெளிய. வண்டிக்குன்னே செஞ்சதுன்னு பார்த்தாலே தெரிஞ்சாலும் சரி, வெளியதான்னும் அதே குறிப்புல இருக்கு. அதனால உங்க பெட்டி மேல மாடல் பேர் இருக்கறது இந்த விஷயத்துல எந்த உதவியும் பண்ணாது. எச்எஸ் கோட்ல முதல் 6 இலக்கம் இதைப் பின்பற்றற எல்லா நாட்டுக்கும் பொது, அதுக்கு அப்புறம் வர்ற இலக்கங்களும் வரி விகிதமும்தான் நாட்டுக்கு நாடு மாறும். ஸோ வேற துறைமுகத்துல இறக்கினா 8708 கிடைக்குமான்னு யோசிக்க வேண்டாம்.

கேள்வி: 4016-னு ஒத்துக்கிட்டோம். ஆனா 4016.10, 4016.93, 4016.99 மூணுலயும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போடறது?

பதில்: பீடிங்கை ஒரு இடத்துல குறுக்க வெட்டி அந்த முகத்தைப் பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. 4016.10 நுரை ரப்பர் சாமான்களுக்கு, அதாவது உள்ள குட்டி குட்டி காத்துக் குமிழி இருக்கற ஸ்பாஞ்ச் வகை. அது இல்லாத மத்ததெல்லாம் அடுத்த கூட்டத்துக்குப் போகும், அதுல கேஸ்கெட், வாஷர், மத்த சீல் எல்லாம் 4016.93, எதுலயும் சேராதது 4016.99. இதுல நிறைய பேர் சறுக்கற இடம் எதுன்னா, இது சீல்தானே, சீல்னே பேர் போட்டு ஒரு கோட் இருக்கேன்னு நேரா 4016.93-க்குத் தாவிடறது. 6-வது விதிப்படி ஒரே மட்டத்துல இருக்கற துணைத்தலைப்புகளைத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும். மேல் மட்டத்துல இருக்கறது நுரையா, இல்லையாங்கற கேள்வி மட்டும்தான். முழுக்க நுரை ரப்பர்னா அது சீலா இருந்தாலும் 4016.10-லயே நின்னுடும், 93 வரைக்கும் வரவே வராது.

இப்போ தலைவலி என்னன்னா கதவு பீடிங் பெரும்பாலும் ஒரே ரப்பரா இருக்காது. அடியில கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கற கெட்டி (நுரை இல்லாத) ஈபிடிஎம்ங்கற செயற்கை ரப்பர், அதுக்குள்ள பிடிமானத்துக்கு ஒரு இரும்புப் பட்டை, மேல கதவு மூடும்போது அமுங்கற ஸ்பாஞ்ச் ஈபிடிஎம் குழாய், எல்லாத்தையும் சேர்த்தே எக்ஸ்ட்ரூட் பண்ணி, அதாவது அச்சு வழியா அழுத்தித் தள்ளி எடுத்திருப்பாங்க. இதுக்கு அதே பொது விதிகள்ல 3(ஆ) விதி, எந்தப் பொருள் சாமானுக்கு அதோட அடிப்படைத் தன்மையைக் கொடுக்குதோ அதுதான் கணக்கு. இரும்பு எடையில அதிகமா இருந்தாலும் அது வெறும் எலும்புதான், தண்ணி, தூசி, காத்து, சத்தம் இதையெல்லாம் தடுக்கறது ரப்பர், அதனால இரும்புப் பக்கம் போகாது. அப்புறம் கெட்டி ரப்பரா ஸ்பாஞ்சா? என்னைக் கேட்டா அடைக்கற வேலை மொத்தத்தையும் செய்யறது அந்த ஸ்பாஞ்ச் குழாய்தான், அதனால 4016.10-க்கு வாதம் பலமா இருக்கு. ஆனா எடை, பங்கு, கெட்டி ரப்பர் இல்லாம அது நிக்காதுங்கறதை வச்சு 4016.93 சொல்றவங்களும் உண்டு, அவங்க பேச்சையும் சும்மா தள்ளிட முடியாது. வெறுமனே விளிம்பை மறைக்கறதுக்கு, அழகுக்கு வர்ற கெட்டி ரப்பர் ட்ரிம் எதையும் அடைக்கலைன்னா அது சீல் இல்ல, 4016.99 பாருங்க.

கேள்வி: ரோல் ரோலா வாங்கி இங்க வந்து வெட்டிக்கறோம். அப்பவும் 4016 தானா?

பதில்: ரோல்ல வர்ற வெறும் ரப்பர் ப்ரொஃபைல்னா, அதாவது நீளம் முழுக்க ஒரே குறுக்குவெட்டு வடிவத்துல வர்றதுன்னா 4008. நுரைன்னா 4008.19, கெட்டின்னா 4008.29. 40-வது அத்தியாயத்தோட 9-வது குறிப்பு, நீளத்துக்கு வெட்டினாலும் மேற்பரப்புல வேலை பண்ணியிருந்தாலும் அது ப்ரொஃபைலாவே இருக்கும்னு சொல்லுது, அதுக்கு மேல எதாவது பண்ணா போச்சு. ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கறது, மூலையை மோல்ட் பண்றது, க்ளிப்புக்கு ஓட்டை போடறது, இதுல ஒண்ணு பண்ணாலும் 4016. ஆக ஒரே சப்ளையர், ஒரே அச்சு, ஆனா ரெண்டு கோட் வரலாம், ரெண்டையும் ஒரே இன்வாய்ஸ் வரியில கலந்து போடாதீங்க.

கேள்வி: சப்ளையர் ரப்பர்ங்கறார், லேப் ரிப்போர்ட்ல டிபிஇ-ன்னு வந்திருக்கு. வித்தியாசம் என்ன?

பதில்: வித்தியாசம் பெருசு, அத்தியாயமே மாறலாம். கைக்கு ரப்பர் மாதிரி இழுபட்டா மட்டும் சுங்கத்துக்கு ரப்பர் ஆகிடாது. 40-வது அத்தியாயத்தோட 4-வது குறிப்பு செயற்கை ரப்பருக்கு ஒரு சோதனையே வச்சிருக்கு. கந்தகம் போட்டு வல்கனைஸ் பண்ணி, திரும்ப சூட்டுல உருகாத பொருளா மாத்த முடியணும், அப்படி மாறினது 18-லிருந்து 29 டிகிரி செல்சியஸுக்குள்ள மூணு மடங்கு இழுத்தாலும் அறுந்துடக் கூடாது, ரெண்டு மடங்கு இழுத்து விட்டா 5 நிமிஷத்துக்குள்ள ஆரம்ப நீளத்துல ஒன்றரை மடங்குக்கு மேல இல்லாம சுருங்கிடணும். டிபிஇ-ங்கறது தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர், ரப்பர் மாதிரி இழுபட்டாலும் சூடு பண்ணா உருகறது, அதனால பொதுவா 39-வது அத்தியாயம், பிளாஸ்டிக். பிவிசி பீடிங்கும் அங்கதான். வெறும் ப்ரொஃபைலா வந்தா 3916.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. ரப்பர்னா 4016 சாமான் எதுவுமே 8708-க்குள்ள நுழைய முடியாது, பிளாஸ்டிக்குக்கு அப்படி மொத்தமா கதவு சாத்தலை, ஜாயின்ட் மாதிரி சாமான்களை மட்டும்தான் தள்ளி வச்சிருக்கு. அடைக்கற பிளாஸ்டிக் சீல்னா 3926 பக்கம், ஒரு குறிப்பிட்ட காரோட பாடியில அலங்காரத்துக்கு வர்ற பிளாஸ்டிக் மோல்டிங்னா 8708.29 கேட்கறதுக்கு இடம் இருக்கு.

கேள்வி: பின்னாடி ஒட்டற பசையோட வர்ற நுரை டேப்?

பதில்: பிளாஸ்டிக் நுரை, தட்டையா இருந்தா 3919. 'டி' வடிவத்துல, குழாய் மாதிரி இருந்தா தட்டை இல்ல, 3919 வராது. ரப்பர் நுரைன்னா திரும்ப 40-வது அத்தியாயத்துக்கே போகணும்.

கேள்வி: கண்ணாடியைச் சுத்தி ஃப்ரேமும் ரப்பரும் சேர்ந்தே மாட்டி வர்ற ஜன்னல்ல ரப்பருக்குத் தனி கோட் போடணுமா?

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனத்துக்கான ஃப்ரேம் போட்ட ஜன்னல் முழுசா 8708.22, இது 2022 எச்எஸ் பதிப்புல புதுசா வந்தது. ஃப்ரேமும் ஹீட்டர் கம்பி மாதிரி எதுவும் இல்லாத வெறும் பாதுகாப்புக் கண்ணாடின்னா 7007, அதுக்கான ரப்பர் தனியா வந்தா அதுக்கு மேல சொன்ன கதைதான்.

கேள்வி: இவ்வளவு குழப்பம்னா சரக்கு வர்றதுக்கு முன்னாடியே உறுதி பண்ணிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, முன்கூட்டிய தீர்ப்பு கேளுங்க, அதாவது சரக்கு வர்றதுக்கு முன்னாடியே எந்த கோட்னு சுங்கத்துறைகிட்ட எழுத்துல முடிவு வாங்கறது. 2017 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தோட வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தத்துல 3-வது பிரிவே இதுக்குத்தான். சாம்பிள், குறுக்குவெட்டுப் படம், எந்தப் பொருள் எவ்வளவு சதவீதம், வண்டியில எங்க மாட்டறது, முனை ஒட்டினதா இல்லையா, இதெல்லாம் சேர்த்துக் கொடுங்க, சப்ளையரோட கேட்லாக்ல இருக்கற பேரை மட்டும் எழுதி அனுப்பினா திரும்ப உங்களையேதான் கேள்வி கேப்பாங்க. பழைய தீர்ப்பு கையில இருந்தா அது எந்த எச்எஸ் பதிப்புக்குக் கொடுத்ததுன்னு தேதி பாருங்க, அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1-ல வருது.