கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: சி டிரைவ் நிரம்பிவிட்டதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சி டிரைவ் நிரம்பிவிட்டது, டி டிரைவ் காலியாகக் கிடக்கிறது, நம் ஃபோல்டர்களை அங்கே கொண்டுபோக முடியுமா என்பதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விருதுநகரிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் சார். என் லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டுகிறது. மொத்தம் 118 ஜிபி, மிச்சம் 2 ஜிபிதான். டி டிரைவில் 900 ஜிபிக்கு மேல் சும்மா இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் உள்ளே இருப்பதையெல்லாம் கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்துவிடலாமா? விண்டோஸ் கெட்டுப்போகும், வேண்டாம் என்கிறார் என் கணவர்.

பதில்: நீங்கள் சொன்னபடி செய்தால் விண்டோஸ் கெடாது. ஆனால் பிரச்சினையும் தீராது. உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து டி-யில் வைத்தால் பழைய ஃபைல்கள் அங்கே போகும், சரி. நாளைக்கு வேர்டில் ஒரு வினாத்தாள் அடித்து சேவ் செய்தால் அது மறுபடி சி-யில்தான் போய் உட்காரும். டாக்குமென்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் தனியாக ஒரு முகவரி குறித்து வைத்திருக்கிறது, மற்ற புரோகிராம்கள் அதைக் கேட்டுத்தான் அங்கே போகின்றன. வீடு மாறியதை கேஸ் ஏஜென்சியில் சொல்லாவிட்டால் சிலிண்டர் பழைய வீட்டுக்கே போகும் இல்லையா, அதே கதைதான். சாமானை ஏற்றுவதோடு முகவரியையும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய விண்டோஸிலேயே வழி இருக்கிறது.

அதற்கு முன்னால் எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். நான் பார்த்த பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் டாக்குமென்ட்ஸ் ஒன்றிரண்டு ஜிபி கூடத் தாண்டாது, இடத்தைத் தின்பது வீடியோஸும் டவுன்லோட்ஸும்தான். ஆண்டுவிழா வீடியோ நாலைந்து வைத்திருந்தால் நீங்கள் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நகர்த்தினாலே மூச்சு விடலாம்.

இனி வேலை. முதலில் டி டிரைவில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் என்று தனித்தனியாக நாலு ஃபோல்டர். இந்தத் தனித்தனி என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏன் என்பது அடுத்த கேள்வியில் வரும். வேர்ட், எக்செல், பிரவுசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள், பாதியில் பேட்டரி போனால் ஃபைல்கள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று நிற்கும். அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வீடியோஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். மேலே வரிசையாக இருக்கும் டேப்களில் லொகேஷன் என்று ஒன்று தெரியும். அதில் மூவ் பட்டனை அழுத்தி, டி-யில் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் இருக்கும் வீடியோஸைக் காட்டி, அப்ளை கொடுங்கள்.

உடனே ஒரு சின்னப் பெட்டி வரும். பழைய இடத்தில் உள்ள ஃபைல்கள் அத்தனையையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கும், அதன் கீழே பழைய இடம், புதிய இடம் என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் யெஸ் அழுத்த வேண்டும். அவசரத்தில் நோ அழுத்தியவர்கள், ஃபோல்டர் காலியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறி எழுதுகிறார்கள். எதுவும் அழியவில்லை. முகவரி மட்டும் மாறியிருக்கிறது, ஃபைல்கள் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், வீடியோஸ் என்ற பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். அங்கிருந்து எடுத்து புதிய ஃபோல்டரில் போட்டால் முடிந்தது.

ஒரு ஃபோல்டர் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். டெஸ்க்டாப்பை மட்டும் நான் நகர்த்தச் சொல்ல மாட்டேன். அதில் பெரிதாக எதுவும் இருக்காது, உங்கள் டி டிரைவ் பழைய வகை சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் (900 ஜிபிக்கு மேல் என்றால் பெரும்பாலும் அதுதான்) கம்ப்யூட்டர் திறக்கும்போது ஐகான்கள் வரத் தாமதமாகலாம்.

செட்டிங்ஸில் புதிய ஃபைல்கள் எங்கே சேவ் ஆக வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம் ஒன்றும் உண்டு. அது இனிமேல் வருவதற்கு மட்டும், ஏற்கெனவே இருப்பதை நகர்த்தாது. க்ரோம் பயன்படுத்தினால் அதன் செட்டிங்ஸில் டவுன்லோட் எங்கே இறங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் கையால் மாற்ற வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, யூடியூப் பார்த்து டாக்குமென்ட்ஸை மூவ் செய்தேன். ஃபோல்டர் எதுவும் போடாமல் நேராக டி டிரைவையே செலக்ட் செய்துவிட்டேன். இப்போது டி டிரைவ் முழுக்க டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டது. படம், கேம் எல்லாம் அதற்குள் தெரிகிறது. ரீஸ்டோர் டிஃபால்ட் கொடுத்தால் முடியாது என்கிறது.

பதில்: தம்பி, இதில் மாட்டாதவர்களே குறைவு, அதனால்தான் மேலே தனித்தனி ஃபோல்டர் என்று அழுத்திச் சொன்னேன். இரண்டு ஃபோல்டர்களுக்கு ஒரே இடத்தைக் கொடுத்தாலும் இதே சிக்கல்தான், பிக்சர்ஸும் டாக்குமென்ட்ஸும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்புறம் ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க விண்டோஸ் சம்மதிக்காது.

உன் ஃபைல்களுக்கு ஆபத்து இல்லை. முகவரியை மட்டும் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) திருத்த வேண்டும். டி-யில் உன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டாக்குமென்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு வை. பிறகு விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் ரெஜ்எடிட் (regedit) என்று கொடுத்து, ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்று உள்ளே போ. கடைசியில் வரும் அந்த ஃபோல்டரை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள். வலது பக்கம் டாக்குமென்ட்ஸ் என்ற பெயர் இருக்காது, தேடிக் குழம்பாதே. பெர்சனல் என்று இருப்பதுதான் அது. அதை டபுள் கிளிக் செய்தால் டி டிரைவ் மட்டும் எழுதியிருக்கும், அந்த இடத்தில் புதிய ஃபோல்டரின் முழுப் பாதையையும் எழுதி ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய். டி டிரைவ் பழையபடி டிரைவாகத் தெரியும். உன் டாக்குமென்ட்ஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் புதிய ஃபோல்டரில் வைத்துக்கொள். அந்த ஒரு வரியைத் தவிர ரிஜிஸ்ட்ரியில் வேறு எதையும் தொடாதே.

கோயம்புத்தூர் வாசகர்: தனித்தனியாக எதற்கு? யூசர்ஸ் ஃபோல்டரையே மொத்தமாக டி-க்கு மாற்றிவிட்டால் ஒரே வேலையாக முடியுமே?

பதில்: செய்யாதீர்கள். வழி சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, சில சமயம் வேலையும் செய்கிறது, ஆறு மாதம் கழித்து விண்டோஸ் பெரிய அப்டேட் வரும்போதுதான் சிக்கல் தெரியும். யூசர்ஸுக்குள் உங்கள் படங்கள் மட்டும் இல்லை. ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் ஒன்று உண்டு, ஒவ்வொரு புரோகிராமும் தன் அமைப்புகளை அதில்தான் வைக்கிறது, பல புரோகிராம்கள் அது சி-யில் இருக்கிறது என்றே நம்பி எழுதப்பட்டவை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் யூசர்ஸை வேறு டிரைவுக்கு மாற்றினால் புதிய பதிப்புக்கு அப்கிரேட் ஆவதே தடைப்படலாம். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ், டவுன்லோட்ஸ், இந்த ஐந்தும் நகர்த்துவதற்கென்றே செய்யப்பட்டவை, அவற்றில் மட்டும் கை வையுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கடைக்காரர்: டாக்குமென்ட்ஸை மாற்றினேன். டாலி புரோகிராமில் எழுதும் கடைக் கணக்கும் கூடவே டி-க்குப் போயிருக்குமா?

பதில்: போயிருக்காது. டாலிபிரைம் போடும்போது பாதையை மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் கணக்கு யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற பொது ஃபோல்டரில், டாலிபிரைமுக்கு உள்ளே டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். உங்கள் டாக்குமென்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்ற வேண்டும் என்றால் முதலில் பேக்கப் எடுங்கள், டாலியை மூடுங்கள், டேட்டா ஃபோல்டரை டி-க்கு காப்பி செய்யுங்கள் (கட் வேண்டாம்), டாலியில் டேட்டா பாதையைப் புதிய இடத்துக்கு மாற்றிக் கம்பெனியைத் திறந்து பாருங்கள். நேற்று போட்ட கடைசி பில் வரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் போன பிறகு பழையதை நீக்கினால் போதும்.

சேலம் வாசகி: பிக்சர்ஸில் லொகேஷன் டேப் போனால் ஒன்டிரைவ் என்று காட்டுகிறது. நான் ஒன்டிரைவில் எதுவும் போட்டதே இல்லை.

பதில்: ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு இடம். நீங்கள் போடவில்லை, அதுவாக எடுத்துக்கொண்டிருக்கிறது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் பேக்கப்புக்குள் போய்விடுவது சகஜம். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், அது நிரம்பியதும் காசு கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். இதை யாரும் முதலிலேயே தெளிவாகச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த நிலையில் மூவ் கொடுத்தால் பெரும்பாலும் பிழைச் செய்திதான் வரும். முதலில் படங்களின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படம் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தச் சாதனத்தில் வை என்ற பொருளில் வரும் தேர்வைக் கொடுங்கள், மேகம் எல்லாம் பச்சை டிக் ஆகும் வரை பொறுங்கள். உங்கள் சி-யில் அதற்கு இடம் இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி டி-யில் காப்பி செய்ய வேண்டியதுதான். பிறகு ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பிக்சர்ஸ் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஃபோல்டர் வெறுமையாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம், படங்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். அங்கிருந்து வெளியே எடுத்துவிட்டு லொகேஷன் வழியாக டி-க்குப் போகலாம்.

தஞ்சாவூர் வாசகர்: வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், நானும் என் தம்பியும் தனித்தனி கணக்கு வைத்திருக்கிறோம். என் ஃபோல்டர்களை டி-க்கு மாற்றிய பிறகு தம்பி தன் கணக்கிலிருந்தே என் ஃபைல்களைத் திறக்கிறான். முன்பு இப்படி இல்லையே?

பதில்: அருமையான கேள்வி, ஃபோல்டர் மாற்றச் சொல்லித் தருபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சி-யில் யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் இடம் உங்களுக்கும் அட்மினுக்கும் (கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) மட்டும் என்று விண்டோஸ் பூட்டி வைக்கிறது. டி டிரைவ் அப்படி இல்லை, அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு உள்ள எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம், அங்கே போடும் ஃபோல்டருக்கும் அதே அனுமதிதான் ஒட்டிக்கொள்ளும்.

டி-யில் உங்கள் பெயர் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. முதலில் ஆட் கொடுத்து உங்கள் கணக்கைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால் உங்கள் வீட்டுக்கு நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும். பிறகு டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் அழுத்தி, இருக்கும் அனுமதிகளை அப்படியே மாற்றிக்கொள்ளும் முதல் தேர்வைக் கொடுத்து, பட்டியலில் யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற இரண்டை மட்டும் நீக்குங்கள். சிஸ்டமும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் இருக்கட்டும். தம்பியின் கணக்கும் அட்மின் என்றால் இது போதாது, அவருடையதைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: லேப்டாப்பில் ஒரே டிஸ்க்தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாமா? அப்படி மாற்றினால் பேக்கப்பும் ஆயிற்று அல்லவா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். வெளி டிஸ்க்கைச் செருகாமல் லேப்டாப்பைத் திறந்தால் லொகேஷன் கிடைக்கவில்லை என்று செய்தி வரும், வேறு பென் டிரைவ் முன்னால் செருகியிருந்தால் டிஸ்க்கின் எழுத்து இ-யிலிருந்து எஃப் ஆகிவிடலாம், டாக்குமென்ட்ஸ் காணாமல் போனது போலத் தெரியும். அப்படி ஏற்கெனவே மாற்றியிருப்பவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதற்கு எக்ஸ், ஒய் மாதிரி கடைசி எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு என் யோசனை, அன்றாட ஃபோல்டர்கள் உள்ளேயே இருக்கட்டும், பழைய வீடியோக்களை மட்டும் வெளி டிஸ்க்கில் போடுங்கள், அதற்கும் இன்னொரு பிரதி வையுங்கள்.

பேக்கப் என்பது இரண்டாவது பிரதி. இடம் மாற்றினால் பிரதி ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதியாக இருந்தால் டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். என் வீட்டு டெஸ்க்டாப்பில் டி டிரைவ் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒரு காலையில் டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் அதைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. தங்கைக்கு பென் டிரைவில் கொடுத்திருந்த படங்கள் திரும்பக் கிடைத்தன. வீடியோ போனது போனதுதான். மாலை மாற்றும்போது அம்மா சிரித்த சிரிப்பு அந்த வீடியோவில் மட்டும்தான் இருந்தது.

வேலூர் வாசகர்: டி-க்கு மாற்றிய பிறகு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஃபோல்டர்கள் என்னவாகும்?

பதில்: டி-யைத் தொடாமல் சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டிக் கொடுங்கள். டி-யில் பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டு) இருந்தால், அதைத் திறக்கும் ரெகவரி கீ என்ற எண்ணை, லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது விண்டோஸ் வந்ததும் முகவரி மறுபடி சி-க்கே போயிருக்கும், லொகேஷன் டேப்பில் பழைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டினால் சேர்ந்துகொள்ளும். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று முதல் தடவை சொல்லும், கன்டினியூ கொடுங்கள். உள்ளே படங்கள் நிறைய இருந்தால் அது முடிய நேரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.